துணி கட்டிய பறவை

ஜி.என்.டி. ரோட்டில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். வேலைக்கு, வியாபாரத்துக்கு, இல்லாவிட்டால் நெல்லூர் போகிற வழியில். புழல் தாண்டும்போது இடது பக்கம் ஏரி தெரியும். கோடை வந்துவிட்டால் அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பேப்பரில் பார்த்துச் சென்னைக்காரர்கள் பெருமூச்சு விடுவார்களே, அதே செங்குன்றம் ஏரிதான்.

இரண்டாம் உலகப் போரின்போது அந்த ஏரியில் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. விபத்தாக இல்லை, வேண்டுமென்றேதான்! 1942-ல் பிரிட்டிஷ் விமானப் படையின் 240-வது ஸ்குவாட்ரன் அங்கே வந்து முகாம் போட்டது. கேட்டலினா என்று பெயர். தண்ணீரிலேயே ஓடி, தண்ணீரிலிருந்தே எழும்பும் பறக்கும் படகு. ஜப்பான் கப்பல் எப்போது வருமோ என்று சென்னை நகரமே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. அந்தப் பயத்துக்கு நடுவில், வங்காள விரிகுடாவின் மேலே மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வந்து கடலைக் காவல் காத்தவை இந்தப் படகுகள். பக்கத்திலேயே சோழவரத்திலும் ஒரு ரன்வே போட்டார்கள். போர் முடிந்ததும் அதே ரன்வேயில் கார் ரேஸ் நடந்ததும், 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு அது அடங்கிப்போனதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கேட்டலினாவின் உடம்பு அலுமினியம். இறக்கையின் முன்பக்கமும் அலுமினியம். ஆனால் இறக்கையின் பின்பகுதியும், விமானத்தைத் திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் இருக்கிற அசையும் பாகங்களும்... துணி! கத்திரியால் வெட்டி, ஊசி நூலால் தைத்து, மேலே பூச்சு பூசிய சாதாரணத் துணி.

இந்தக் கட்டுரையின் ஹீரோ அந்தத் துணிகூட இல்லை. அதன் மேல் இருந்த பூச்சு. வீட்டுச் சுவரில் பெயின்ட் வெளுத்தால் ‘அழகு போச்சு’ என்போம். துணி விமானத்தில் பெயின்ட் வெளுத்தால் ஆளே போகலாம். போயிருக்கிறார்கள்.

துணி என்று சொன்னதும் நம் கடற்கரை காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கிற பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். எதற்காக? நம் நெசவாளிகளின் துணிக்காக. அந்தத் துணியைக் கொடுத்துத்தான் கிழக்கத்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். பழவேற்காடு என்பதை வெள்ளைக்காரன் வாயில் சொன்னால் புலிக்காட். அதுவே கட்டம் போட்ட ஒரு கைக்குட்டைத் துணியின் பெயராகவும் ஆகிவிட்டது.

இன்னும் வடக்கே, அன்றைய சென்னை மாகாணத்தில், கோதாவரிக் கரையில் நரசாபுரம் பக்கம் மாதவாயபாளையம் என்று ஓர் ஊர். கிழக்கிந்திய கம்பெனிக்காரர்கள் அங்கே பண்டகசாலை வைத்துத் துணி வாங்கினார்கள். ஊர்ப் பெயர் அவர்கள் நாக்கில் புரண்டு ‘மாதாபொல்லம்’ ஆனது. மெல்லிய, நெருக்கமான, வெள்ளைப் பருத்தித் துணிக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர். பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். இங்கிலாந்து மில்கள் அதே துணியை இயந்திரத்தில் நெய்ய ஆரம்பித்தன. நெசவு போய்விட்டது, பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பெயர் கடைசியில் எங்கே போய் ஒட்டிக்கொண்டது தெரியுமா? மாஸ்கிட்டோ என்ற போர் விமானத்தின் முதுகில். 1940-ல் முதன்முதலாகப் பறந்த மாஸ்கிட்டோ மரத்தால் செய்யப்பட்டது. ஒட்டுப்பலகையைப் பிசின் போட்டு ஒட்டி, அதன் மேல் போர்வை மாதிரி ஒரு துணியை இழுத்து ஒட்டி, பூச்சு பூசினார்கள். அந்தத் துணிதான் மாதாபொல்லம். ஹிட்லரின் ஊருக்குக் குண்டு போடப் போன விமானம், கோதாவரிக் கரைக் கிராமத்தின் பெயரைப் போர்த்திக்கொண்டு போயிருக்கிறது. நான் பி.காம். படித்தவன். ‘பிராண்ட் வேல்யூ’ என்று கிளாஸில் நடத்தியபோது இந்த உதாரணத்தை யாரும் சொல்லவில்லை.

சரி, பூச்சுக்கு வருவோம்.

1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது இறக்கையில் வெறும் மஸ்லின் துணிதான், பூச்சு எதுவும் கிடையாது. 1910-ல் நம் சென்னையிலேயே டி’ஏஞ்சலிஸ் என்ற ஹோட்டல் முதலாளி, சிம்சன் கம்பெனியில் ஒரு விமானம் செய்யச் சொல்லிப் பறந்து காட்டினார். மரச்சட்டமும் துணியும் கம்பியுமாக உலகம் விமானம் செய்துகொண்டிருந்த காலம் அது. வெறும் துணியில் சிக்கல் என்னவென்றால் அது காற்றில் தொளதொளக்கும். ஈரம் பட்டால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி. அதற்குத்தான் ‘டோப்’ கண்டுபிடித்தார்கள்.

ஊக்க மருந்து சாப்பிட்டு மாட்டிக்கொள்கிற விளையாட்டு வீரர்களைப் பற்றிப் படிக்கிறோமே, அதே சொல்தான். மூலம் டச்சு. கெட்டியான குழம்பு என்று அர்த்தம். பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, கரைப்பானில் கரைத்தால் தேன் மாதிரி ஒரு திரவம் வரும். அதைத் துணியில் பூசினால், காயக் காயத் துணி சுருங்கி இறுகும். இரண்டு கோட், மூன்று கோட் போன பிறகு தட்டிப் பாருங்கள், மத்தளம்!

இந்த வஸ்து உங்கள் வீட்டிலும் இருக்கிறது. பெண்கள் நகத்தில் பூசுகிற நெயில் பாலிஷ் இதன் தங்கச்சி. கார்பென்டர்கள் மர பீரோவுக்கு அடிக்கிற ‘என்.சி. லாக்கர்’ இதன் அண்ணன். பருத்தியில் அமிலத்தைக் கொஞ்சம் தூக்கலாக ஏற்றிவிட்டால் அதுவே பீரங்கி வெடிமருந்து. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் துணி வாங்கியதோடு நிற்காமல் வெடிமருந்தும் தயாரித்தார்கள் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

தீப்பிடிக்காத டோப் வேண்டும் என்று தேடியபோதுதான் விபரீதம். வேறு வகை செல்லுலோஸை எடுத்தார்கள். அது சுலபத்தில் கரையவில்லை. கரைப்பதற்கு டெட்ராகுளோரோஈத்தேன் என்ற திரவத்தைச் சேர்த்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கியிருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, தொழிற்சாலைகளில் இறக்கைக்கு டோப் பூசும் வேலைக்கு இளம் பெண்கள் வந்தார்கள். பூச்சு சீராகக் காய வேண்டும் என்று அறையைச் சூடாக, ஜன்னல் மூடி வைத்திருப்பார்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக்கொண்டே நாள் முழுக்க வேலை.

1914 கடைசியில் லண்டனுக்குப் பக்கத்தில் ஹெண்டன் தொழிற்சாலையில் முதல் கேஸ்கள் தலைகாட்டின. வாந்தி. பசியில்லை. கண் மஞ்சள். பிறகு கல்லீரல் செயலிழந்து மரணம். சாதாரணக் காமாலை என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் துருவிப் பார்த்த பிறகுதான் இறக்கைப் பூச்சு பிடிபட்டது. 1916 முதல் இந்த விஷக் காமாலை வந்தால் தொழிற்சாலை கண்டிப்பாக அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பிரிட்டனில் உத்தரவு போட்டார்கள். போர் முடிவதற்குள் அந்தக் கரைப்பானே கைவிடப்பட்டது. விமானியின் பெயரைப் பித்தளையில் பொறித்து வைக்கிற ஊர்களில் டோப் அறைப் பெண்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள்... கிடைப்பது கஷ்டம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கரைப்பான் வாசனைக்கு நடுவே ஷிப்ட் பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உள்ளே காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

டோப் துணியை இறுக்கும். ஆனால் வெயிலிலிருந்து காப்பாற்றாது. சூரியனின் புற ஊதாக் கதிர் பருத்தி நூலை உள்ளிருந்து அரித்துவிடும். மொட்டை மாடிக் கொடியில் வருஷக்கணக்காகத் தொங்குகிற பழைய வேட்டியை இரண்டு கையால் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், புரியும். அதற்காக டோப்பில் அலுமினியப் பொடியைக் கலந்து வெள்ளி நிறத்தில் தனியாக ஓர் அடுக்கு பூசினார்கள். வெளிச்சம் துணிவரைக்கும் போகாமல் அது குடை பிடிக்கும். நாம் பார்க்கிற மஞ்சளும் சிவப்பும் பச்சையும் அதற்கு மேலே போடுகிற சட்டை மட்டும்தான். அந்தச் சட்டை வெளுத்து, தூளாகி உதிர ஆரம்பித்தால் அடுத்த முறை வெள்ளிக் குடைக்கு. குடை கிழிந்தால் துணிக்கு.

கணக்குப் புத்தகத்தில் இதற்குத் ‘தேய்மானம்’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே போகலாம். துணி விமானத்துக்கு அந்த வாய்ப்பாடு ஒத்துவராது. வெளியே நிறுத்தினால் ஒரு கணக்கு, கொட்டகைக்குள் நிறுத்தினால் முற்றிலும் வேறு கணக்கு. அமெரிக்க விதிப்படி, முதல் தரப் பருத்தித் துணி புதிதாக இருக்கும்போது ஓர் அங்குல அகலப் பட்டை 80 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும். பழசாகி 56 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் பேச்சே கிடையாது, மொத்தத் துணியையும் உரித்துவிட்டுப் புதுசு போட வேண்டும்.

வெயிலையும் மழையையும் பற்றிப் பேசும்போது மாஸ்கிட்டோவின் இந்திய அத்தியாயத்தை விட்டுவிட முடியாது. 1944-ல் பர்மா சண்டைக்காக அந்த மர விமானங்கள் இந்தியாவுக்கு வந்தன. அந்த வருஷக் கடைசியில் சில மாஸ்கிட்டோக்களின் இறக்கை நடுவானிலேயே பிய்ந்து விமானிகள் இறந்தார்கள். படையில் பீதி. பிசின் நம்மூர் வெயிலில் இளகிவிட்டதா? மழைக்காலத்தில் மரம் உப்பிச் சுருங்கியதா? விமானங்களைத் தரையில் நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் தொழிற்சாலையில் பலகைகளைச் சரியாகப் பொருத்தாததுதான் முக்கியக் குறை என்று முடிவானது. ஆனாலும் வெயிலுக்கு ஒரு மரியாதை கொடுத்தார்கள். கிழக்கத்திய மாஸ்கிட்டோக்கள் பலவற்றுக்குப் பச்சை, சாம்பல் சட்டையைக் கழற்றிவிட்டு, உடம்பு முழுக்க வெள்ளி டோப் பூசினார்கள். எதிரி கண்ணில் பளிச்சென்று படுமே என்றால், படட்டும், முதலில் நம்மூர் சூரியனிடமிருந்து தப்பிக்க வேண்டும்!

பூச்சு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய கதை, இந்தியாவுக்குக் கிளம்பி வந்து சேராமலே போன ஆர்-101. பிரிட்டிஷ் அரசாங்கம் கட்டிய ராட்சச ஆகாயக் கப்பல். அதை நிறுத்துவதற்கென்றே கராச்சியில் பிரமாண்டமான கொட்டகை கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். கப்பலின் மேல் போர்வை துணிதான். செலவும் நேரமும் மிச்சம் என்று, துணியைச் சட்டத்தில் கட்டுவதற்கு முன்பே டோப் பூசிவிட்டார்கள். அது சீக்கிரமே நைந்து கிழிய ஆரம்பித்தது. பெரும்பகுதியைக் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். சில இடங்களில் பழைய துணியையே வைத்துக்கொண்டு, ரப்பர் பசையால் பட்டி ஒட்டினார்கள். அந்தப் பசை டோப்போடு சேர்ந்து துணியை அப்பளமாக்கிவிட்டது. விமானத் துறை மந்திரி தாம்சன் பிரபுவுக்கோ அவசரம். இந்தியா போய்த் திரும்பி லண்டன் மாநாட்டில் கலந்துகொள்ள வேண்டும்.

1930 அக்டோபர் 4 மாலை கிளம்பினார்கள். மழையும் காற்றும். 5-ம் தேதி விடிவதற்குள் பிரான்ஸில் போவே என்ற ஊருக்குப் பக்கத்தில் தரையில் மோதி எரிந்தது. 54 பேரில் 48 பேர் செத்தார்கள், மந்திரி உள்பட. முன்பக்கத் துணி கிழிந்து, உள்ளே இருந்த வாயுப் பைகள் சேதமாகியிருக்கலாம் என்பதுதான் இன்றுவரை அதிகம் பேர் ஏற்கிற விளக்கம். பிரிட்டிஷ்காரர்கள் ஆகாயக் கப்பல் ஆசையையே விட்டுவிட்டார்கள்.

இரண்டே வருஷம் கழித்து, 1932 அக்டோபர் 15 அன்று, அதே கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா தபால் மூட்டையோடு பம்பாய்க்குப் பறந்தார். அவர் ஓட்டிய பஸ் மாத் குட்டி விமானத்துக்கும் துணிப் போர்வைதான். பம்பாயிலிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஐம்பது வருஷம் கழித்து, 1982-ல், தம்முடைய 78-வது வயதில் டாடா அந்தப் பயணத்தை மறுபடியும் செய்து காட்டினார். ஓட்டியது லெபர்ட் மாத். பஸ் மாத்தின் அடுத்த தலைமுறை, முப்பதுகளின் சரக்கு. அதைத் தேடிப்பிடித்துப் பறக்கிற நிலைக்குக் கொண்டுவந்தார்களே, அந்த மெக்கானிக்குகளுக்கு ஒரு சபாஷ்.

சுதந்திரத்துக்குப் பிறகு நாமே செய்த துணி விமானமும் உண்டு. பெங்களூரு எச்.ஏ.எல். தயாரித்த புஷ்பக். 1958-ல் முதல் ஓட்டம். ஊர் ஊராக ஃப்ளையிங் கிளப்களுக்குப் போனது. அந்தக் காலத்தில் விமானம் கற்றுக்கொண்ட பலர் முதலில் பிடித்தது இந்தப் புஷ்பக்கின் ஸ்டிக்கைத்தான். கடற்கரை ஊர் கிளப்புகளில் உப்புக் காற்றும் வெயிலும் அதை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, வெளுத்துப்போன துணி விமானத்தை எப்படித்தான் காப்பாற்றுவது?

முதலில், பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்! துணிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கருவி உண்டு. பேனா மாதிரி துணியில் வைத்து அழுத்தினால் எவ்வளவு பலம் மிச்சம் என்று காட்டும். துணி செத்திருந்தால் மேலே என்ன பூசினாலும் பிணத்துக்கு அலங்காரம்தான். துணி நன்றாக இருந்து, பூச்சு மட்டும் காய்ந்து வெடித்திருந்தால் வழி இருக்கிறது. யாராவது முழங்கையால் இடித்த இடத்தில் வட்ட வட்டமாக விரிசல் விட்டிருக்கும். மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருக்கிற பெயர் ‘ரிங்வார்ம்’. நம் பாஷையில் படர்தாமரை!

இதற்கு மருந்து, ‘ரெஜுவினேட்டர்’ என்று ஒரு திரவம். கரைப்பானும், பூச்சை வளைந்து கொடுக்க வைக்கிற எண்ணெய்ப் பசையும் கலந்தது. பழைய பூச்சைச் சுத்தமாகக் கழுவி, லேசாகத் தேய்த்துவிட்டு இதை அடித்தால், காய்ந்த டோப் இளகி, விரிசல்கள் ஒன்றோடொன்று கூடும். அதன் மேல் புது வெள்ளி அடுக்கு, அதற்கும் மேலே நிறம். சிக்கல் இரண்டு. பழைய டோப் மறுபடி இறுகும்போது வலுவில்லாத மரச்சட்டத்தை வளைத்துவிடலாம். இன்னொன்று எடை. கைக்கு வந்தபடி கோட் மேல் கோட் ஏற்றினால் விமானம் கனத்துப்போகும். அதிலும் சுக்கான் மாதிரி அசையும் பாகங்களில் எடை கூடினால், வேகமாகப் பறக்கும்போது அது கிடுகிடுவென்று உதற ஆரம்பித்து விமானத்தையே உடைத்துவிடும். அதனால் பெயின்ட் அடித்த பிறகு தராசு வைத்துச் சமநிலை பார்க்காமல் அதைத் திரும்ப மாட்டக் கூடாது.

கார் பெயின்ட் அடித்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. காரின் தகடு அசையாது, துணி மூச்சுவிடுகிற மாதிரி அசையும். வளையாத கார் பெயின்ட் சீக்கிரமே பாளம் பாளமாக வெடிக்கும். பளபளப்புக்காகச் சிலிகோன் பாலிஷ் போடுகிறவர்கள், அடுத்த தடவை பெயின்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரிப் புள்ளி புள்ளியாக விலகி நிற்பதைப் பார்த்து அழ வேண்டியதுதான். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் இன்னொரு தொல்லை. மழை நாளில் டோப் அடித்தால், காற்றிலுள்ள ஈரம் அதில் இறங்கிப் பால் மாதிரி வெளுத்துவிடும். என்.சி. லாக்கர் அடிக்கிற எந்தக் கார்பென்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். அதனால் ஈரமில்லாத நாளாகப் பார்த்துத்தான் வேலை, இல்லாவிட்டால் மெதுவாகக் காய வைக்கிற தின்னர் கலக்க வேண்டும்.

பிற்காலத்தில் பருத்தியின் இடத்தைப் பாலியஸ்டர் பிடித்துக்கொண்டது. அதை இறுக்குவதற்கு டோப்கூட வேண்டாம், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாலே சுருங்கும். நெடுநாள் உழைக்கும். ஆனால் அதற்கும் வெயில் எமன்தான். வெள்ளிக் குடையை அதற்கும் பிடித்தே ஆக வேண்டும். இத்தனைக்கும் மேலான வைத்தியம் ஒன்று இருக்கிறது. மேலே ஒரு கூரை.

டெக்னிக்கல் தலைவலி இதோடு முடிந்தது. அடுத்தது சரித்திரத் தலைவலி. என்ன நிறம் பூசுவது?

இறக்கையில் இருக்கிற வட்டச் சின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தது. 1942-ல் ஜப்பானோடு சண்டை வந்ததும், அவர்களுடைய சிவப்புச் சூரியன் என்று நினைத்து நம்மாட்களே நம் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாதே என்று அந்தப் பொட்டை அழித்தார்கள். அடுத்த வருஷம் அடர் நீலம், வெளிர் நீலம். சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் அசோகச் சக்கரம். 1950 முதல் காவி, வெள்ளை, பச்சை. ஒரே விமானத்தின் தோலில் இத்தனையும் அடுக்கடுக்காக இருக்கலாம். மெதுவாகச் சுரண்டினால் ஒவ்வொன்றாக வெளியே வரும். சுரண்டினால் அழிந்தும் போகும்.

தில்லி பாலம் விமானப் படை மியூசியத்தில் ஒரு வாபிட்டி இருக்கிறது. 1933 ஏப்ரல் 1-ம் தேதி கராச்சியில் நான்கே நான்கு வாபிட்டிகளோடு இந்திய விமானப் படையின் முதல் ஸ்குவாட்ரன் ஆரம்பமானதே, அந்த ரகம். மரமும் உலோகமும் துணியுமான அந்த ஜாதியில் உலகத்திலேயே மிஞ்சியது மிகக் கொஞ்சம். அதைப் பறக்கவிடப் போவதில்லை. அப்படியானால் பழைய பூச்சைத் தொடாமல் நிழலில் வைத்திருப்பதுதான் மரியாதை என்பது என் கட்சி. பறக்க வேண்டிய விமானத்தில் இந்தக் கட்சி செல்லாது. நம் விமானப் படையின் பழைய டைகர் மாத் ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்பிச் செப்பனிட்டு வாங்கினார்கள். 2012 அக்டோபர் 8, ஹிண்டனில் நடந்த விமானப் படை தின விழாவில் அது ஜெட்களுக்கு நடுவே டுபுடுபுவென்று பறந்து போனது. அதற்குப் பழைய துணிதான் வேண்டும் என்று யாராவது அடம் பிடித்தால் முதலில் அவரை ஏற்றிப் பறக்கவிட வேண்டும்!

ரைட் சகோதரர்களின் 1903 விமானத்துக்கே 1927-ல் ஆர்வில் ரைட் புதுத் துணி போட்டார். 1985-ல் வாஷிங்டன் மியூசியத்தில் மறுபடியும் மாற்றினார்கள். கழற்றிய முதல் துணியை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை. அதில் ஒரு துண்டு 1969-ல் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு நிலவுக்குப் போய்த் திரும்பியது. இன்னொரு சின்னத் துண்டு, 2021-ல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரின் சோலார் தகட்டுக்கு அடியில் கட்டப்பட்டு, இன்னும் அங்கேயே இருக்கிறது. பூச்சு எதுவும் படாத, வெறும் பருத்தித் துணி.